உரைபெயர்ப்பாளரின் நாக்கு: இன்ஆம் கச்சாச்சியின் 'அமெரிக்கப் பேத்தி' நாவலை முன்வைத்து

பக்தாத் பற்றி நானும் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். 2003 ஏப்ரலில், அந்த நகரம் விழுந்த வாரத்தில் எழுதியது. திஜ்லா நதி, அதில் கரைந்த நூல்களின் மை, ஹுலாகுகான், புஷ் என்று எல்லாரும் எல்லாமும் அதில் உண்டு. எங்கள் பள்ளிவாசலில் குனூத் ஓதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாசித்த நண்பர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். இப்போது எடுத்துப் பார்க்கிறபோது அந்தக் கவிதையில் ஒரேயொரு ஈராக்கியர்கூட இல்லை என்பது தெரிகிறது. குண்டு போடுகிறவன் இருக்கிறான். குண்டு விழுகிற நகரம் இருக்கிறது. இரண்டையும் பார்த்துக் கோபப்படுகிற நான் இருக்கிறேன். அந்தக் காலத்தில் நம்மவர்கள் எழுதிய வேறு பல கவிதைகளையும் இப்படிச் சொல்லலாம்தான். மற்றவர்களுடையதைக் கிளறிப் பகை தேடுவானேன், என்னுடையதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பழைய கவிதையைத் தேடி எடுக்க வைத்தது ஒரு நாவல். இன்ஆம் கச்சாச்சி 1952இல் பக்தாதில் பிறந்தவர், பத்திரிகையாளர், 1979 முதல் பாரிஸில் வாழ்ந்து வருகிறவர். 'அல்-ஹஃபீதா அல்-அம்ரீக்கிய்யா' என்ற அவருடைய நாவல் 2008இல் பெய்ரூத்தில் வெளிவந்து, 2009ஆம் ஆண்டு அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசின் குறும்பட்டியலுக்கு வந்தது. பரிசு அந்த ஆண்டு யூசுப் ஸைதானின் 'அஸாஸீல்' நாவலுக்குப் போனது. அதே குறும்பட்டியலில் சிரியரான ஃபவ்வாஸ் ஹத்தாதின் 'துரோகி மொழிபெயர்ப்பாளன்' என்ற நாவலும் இருந்தது. மொழிபெயர்ப்பதும் துரோகமும் பற்றிய இரண்டு அரபு நாவல்கள் ஒரே பட்டியலில் வந்து உட்கார்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கச்சாச்சியின் நாவலை நரிமான் யூசுப் ஆங்கிலத்தில் பெயர்த்தது 2010இல் வந்தது. நான் வாசித்தது அதைத்தான். மத்ரஸாவில் படித்த அரபு ஒரு நாவலுக்குப் போதாது.

கதைசொல்லி ஸைனா. ஈராக்கியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். தகப்பன் பக்தாத் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர். ஸதாமின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் வதைத்தபிறகு குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறுகிறது. பதின்பருவத்தில் அமெரிக்காவுக்குப் போன ஸைனா டெட்ரோய்ட்டில் வளர்ந்து, அமெரிக்கப் பிரஜையாகி, 2003 படையெடுப்பில் அமெரிக்க இராணுவத்தின் உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பிறந்த மண்ணுக்கே சீருடையோடு திரும்புகிறாள். பக்தாதில் அவளுடைய உம்மம்மா ரஹ்மா தனியாக இருக்கிறாள். (கிறிஸ்தவப் பாட்டிதான், ஆனாலும் தாயின் தாயை வேறொரு சொல்லால் அழைக்க எனக்கு வராது.) உம்மம்மாவின் காலஞ்சென்ற கணவர் ஈராக்கிய இராணுவத்தில் கேணல். ஆண்டுதோறும் ஜனவரி 6ஆம் திகதி, ஈராக்கின் இராணுவ தினத்தன்று, அவருடைய சீருடையை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் பராமரிக்கிறவள் அவள். அந்த வீட்டுக்குத்தான் பேத்தி மற்றச் சீருடையோடு வந்து சேர்கிறாள்.

ஸைனா ஏன் போனாள்? நாவல் பல காரணங்களைத் தருகிறது. கோபுரங்கள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தானும் அடிபட்டதாக உணர்ந்தாள். தகப்பனை வதைத்த ஆட்சி ஒழியப்போகிறது என்று மகிழ்ந்தாள். இவற்றோடு ஒரு தொகையும் இருக்கிறது: வருடத்துக்கு 97,000 டொலர், சாப்பாடும் தங்குமிடமும் வேறு. இந்தத் தொகையை ஸைனா மறைப்பதில்லை. ஒரு மந்திரத்தைப்போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நாவலின்மீது எனக்கு முதல் நம்பிக்கை பிறந்த இடம் அதுதான். சம்பளத்தை எழுதாமல் புலம்பெயர்ந்தவனின் மனச்சாட்சியை எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மத்தியகிழக்குக்குப் போய்வந்தவர்கள் இல்லாத வீடு நம் ஊர்களில் இல்லை. கொள்கைக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் ஒரு மனிதர் எப்படி நடக்கிறார் என்பது நமக்குத் தெரியாததல்ல. எழுத்தில் மட்டும்தான் அதைத் தவிர்த்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். 2003 ஏப்ரல் 9ஆம் திகதி பிர்தவ்ஸ் சதுக்கத்தில் ஸதாமின் சிலை விழுந்தபோது, டெட்ரோய்ட்டுக்குப் பக்கத்திலுள்ள டியர்போர்னில் ஈராக்கியக் குடியேறிகள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். 1991 எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டபின் தப்பிவந்த ஷீஆக்கள் அவர்களில் பலர். நாங்கள் இங்கே கையேந்திக்கொண்டிருந்த அதே வாரம். அந்தச் செய்தியை அப்போதே பத்திரிகையில் பார்த்தேன். கூலிக்கு ஆடுகிறவர்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவர்களில் ஒருவரின் சகோதரன் எந்தப் புதைகுழியில் கிடக்கிறான் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸதாமையும் வெறுத்து, தன் புதிய நாட்டின் குண்டுகளையும் அஞ்சி, இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒருவருக்கு என் கவிதையில் இடமிருக்கவில்லை. இந்த நாவலில் இருக்கிறது.

அமெரிக்கப் பிரஜாவுரிமை பெறுகிறவர்கள் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். பழைய அரசுக்கோ அரசனுக்கோ இருந்த விசுவாசத்தை முற்றாகத் துறப்பதும், சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் தாங்குவதும் அந்தப் பிரமாணத்தின் பகுதிகள். மற்றவர்கள் மகிழ்ந்து நிற்கிற அந்த நிகழ்வில் ஸைனாவின் தாய் அழுகிறாள். அவள் கேணலின் மகள். மகளுக்கு அப்போது அது விளங்குவதில்லை, வெட்கமாயிருக்கிறது. நாவலின் மிகச் சிறந்த பகுதி இதுவென்று நினைக்கிறேன். தாய் அமெரிக்காவை வெறுத்து அழவில்லை. அந்த நாடு அவளுடைய கணவனை உயிரோடு வைத்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்திருக்கிறது. பெற்றது பொய்யில்லை என்பதால்தான் அவளால் அந்த வாக்கைச் சும்மா ஒரு சடங்காகச் சொல்லிவிட்டு வரமுடியவில்லை.

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். கும்பகர்ணனையும் கர்ணனையும் ஒரே மூச்சில் இதற்கு உதாரணம் சொல்வது நம் மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். ஆனால் இருவரும் ஒன்றல்ல. கும்பகர்ணனுக்குச் சோறும் இரத்தமும் ஒரே பக்கத்தில் இருந்தன. தம்பி வீடணன் வந்து அழைத்தபோது அவன் மறுத்தது பெரிய காரியந்தான்; ஆனால் அவன் மனம் இரண்டாகப் பிளக்கவில்லை. கர்ணனுக்கோ சோறு ஒரு பக்கம், இரத்தம் மறுபக்கம். ஸைனா கர்ணனின் பிரச்சினையோடு வீடணனின் இடத்தில் நிற்கிறாள். வெளியிலிருந்து வந்த படையோடு, ஊரின் பாஷையும் பாதையும் தெரிந்தவளாக, பிறந்த நகருக்குள் நுழைகிறாள். இராமனின் பக்கம் தர்மம் இருந்தது என்று வீடணனுக்குக் கவி உறுதி சொல்லிவிட்டார். ஸைனாவுக்கு அப்படி உறுதி சொல்ல யாருமில்லை. அவள் நம்பிவந்த பேரழிவு ஆயுதங்களும் கிடைக்கவில்லை, விடுதலையும் வரவில்லை. சாவடிகளும் வீட்டுச் சோதனைகளும்தான் மிஞ்சுகின்றன. அவற்றுக்கு அவள் குரல் கொடுக்கவேண்டியிருக்கிறது.

மொஹ்சின் ஹமீதின் சங்கேஸை இங்கே நினைத்துக்கொண்டேன். 2007இல் வெளிவந்த அந்த நாவலை நம்மில் பலர் வாசித்திருப்போம். லாகூர் இளைஞன், பிரின்ஸ்டன் பட்டதாரி, நியூயோர்க்கில் நல்ல உத்தியோகம். கோபுரங்கள் விழுவதை மணிலாவில் ஹோட்டல் அறையொன்றில் பார்த்துப் புன்னகைக்கிறான். ஆப்கானிஸ்தான்மீது குண்டு விழத் தொடங்கியபின் உள்ளுக்குள் உடைகிறான். வல்பறைஸோவில் ஒரு முதியவர் உஸ்மானியர்களின் ஜனிஸரிகளைப் பற்றிச் சொன்னதும் தன்னை அடையாளம் கண்டுகொள்கிறான்: பிடித்துச் சென்று வளர்க்கப்பட்டு, பிறந்த சமூகத்துக்கு எதிராகவே போர் செய்ய வைக்கப்பட்ட பிள்ளைகள். பிறகு வேலையை விட்டு லாகூருக்குத் திரும்புகிறான். அழகான நாவல்தான். ஆனால் அவனுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. அவன் எந்தப் பிரமாணமும் செய்திருக்கவில்லை. ஜனிஸரி என்ற உவமையும் அவனுக்கு ஓர் ஆறுதலைக் கொடுக்கிறது: என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள், நான் என்ன செய்வேன். ஸைனாவை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. குடும்பம் ஓடிப்போய் அடைக்கலம் கேட்டது, கிடைத்தது. வேலைக்கு அவளே கையெழுத்திட்டாள். அவளுடைய குற்றவுணர்வுக்கு உவமை கிடைக்காதது அதனால்தான்.

நாவலின் கட்டமைப்பில் ஒரு வினோதம் இருக்கிறது. கதைக்குள் ஓர் எழுத்தாளர் நுழைகிறார். அவருக்குத் தேவை ஒரு தேசபக்தி நாவல். உம்மம்மாவை வீரத் தாயாக வைத்து, ஆக்கிரமிப்பாளரோடு வந்த பேத்தியை வழிதவறியவளாகக் காட்ட அவர் விரும்புகிறார். ஸைனா அவரோடு சண்டை பிடிக்கிறாள். என் கதையை நான் சொல்கிறேன், நீ எழுதுவது பழைய பாட்டு என்று மறிக்கிறாள். இதை வெறும் பின்நவீனத்துவ விளையாட்டு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் எழுதுகிறவர் யார்? 1979இலேயே நாட்டைவிட்டுப் போய்ப் பாரிஸில் வாழ்கிற ஈராக்கியர். வேறொரு நாட்டில் குடியேறிய ஈராக்கியப் பெண்ணொருத்தியைத் துரோகி என்று எழுத அவருக்கு என்ன உரிமை? அந்தக் கேள்வியை யாரும் கேட்கும்முன் தன் பாத்திரத்தைக்கொண்டே கேட்கவைத்துவிட்டார் கச்சாச்சி. அந்தச் சண்டையில் எழுத்தாளர் முற்றாக வெல்லவில்லை, ஸைனாவும் வெல்லவில்லை. நாவலுக்குள் வருகிற அந்த எழுத்தாளரிடம் 2003இல் கவிதை எழுதிய என்னைக் கண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உம்மம்மா சும்மா அழுதுகொண்டிருக்கிறவள் அல்ல. பேத்தியைத் திருத்தியெடுக்கத் திட்டம் போடுகிறாள். அதற்கு அவளுக்குத் துணை, வீட்டோடு பழகிய தாவூஸ் என்ற ஷீஆப் பெண். ஸைனாவின் குழந்தைப் பருவத்தில் அவளுக்குப் பால் கொடுத்தவள் தாவூஸ். ஆகவே தாவூஸின் மகன் முஹைமின் ஸைனாவுக்குப் பால்குடிச் சகோதரன். அவன் மஹ்தி இராணுவத்தில் இருக்கிறான். ஸைனா அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாள்.

பால்குடி உறவு நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம். இரத்தத்தால் எந்தத் திருமணம் விலக்கப்படுகிறதோ பாலாலும் அது விலக்கப்படும் என்று பிக்ஹு படித்த பிள்ளையும் சொல்லும். மேற்கத்திய வாசகருக்கு இது கீழைத்தேய விநோதமாகத் தெரிந்திருக்கக்கூடும். நமக்கு இது நாவலின் இதயத்தைத் தொடுகிற இடம். ஒரு கிறிஸ்தவக் குழந்தை ஷீஆத் தாயிடம் பால் குடித்தது. அந்தப் பால் ஓர் உறவை உண்டாக்கியது. எந்தப் பிரஜாவுரிமைப் பிரமாணத்தாலும் அதைத் துறக்க முடியாது. காகிதத்தால் வந்த விசுவாசமும் பாலால் வந்த விசுவாசமும் நேருக்குநேர் நிற்கின்றன. 2003க்குப் பிறகு துண்டுதுண்டாகச் சிதறிய ஒரு நாட்டில் இப்படியும் ஒரு காலம் இருந்தது என்பதை விரிவுரை செய்யாமல் சொல்லிவிடுகிறார்.

ஆனால் இந்த இடத்திலேயே நாவல் சறுக்கவும் செய்கிறது. முஹைமின் எனக்கு நம்பும்படியாக இல்லை. மஹ்தி இராணுவத்தில் ஓர் இளைஞன் ஏன் சேர்ந்தான், அங்கே என்ன செய்தான், அவன் கை சுத்தமா என்பவற்றுக்குள் நாவல் போவதில்லை. ஸைனா காதலிப்பதற்காகவும் உம்மம்மாவின் தரப்பைக் கொஞ்சம் வாதாடுவதற்காகவும் வந்த பாத்திரமாகவே நின்றுவிடுகிறான். அந்தப் படையின் பெயரால் பக்தாதில் பின்னர் நடந்த கொலைகளை அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் உறுத்தும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஸைனாவின் மனவேதனைக்குக் கிடைத்த பக்கங்களில் பத்திலொன்றுகூட, அவள் உரைபெயர்த்த சோதனைகளில் கதவு உடைக்கப்பட்ட வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. அவளோடு போன சிப்பாய்களை நமக்குத் தெரிகிறது. திக்ரீத்தின் மக்கள் பெரும்பாலும் கும்பலாகவே வந்துபோகிறார்கள். அடக்கப்பட்டவர்களைப் பற்றிய கதை எப்படி அடக்கியவரின் குற்றவுணர்வு பற்றிய கதையாக மாறிவிடுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. சினான் அன்தூனை நினைத்துக்கொண்டேன். 1991 யுத்தத்துக்குப் பின் ஈராக்கைவிட்டு அமெரிக்கா போனவர். ஸதாமையும் எதிர்த்தார், படையெடுப்பையும் எதிர்த்தார். 2003 ஜூலையில் கமராவோடு பக்தாதுக்குப் போய் அங்குள்ளவர்களைப் பேசவைத்து ஓர் ஆவணப்படத்தில் பங்காற்றினார். 2010இல் அவர் அரபியில் வெளியிட்ட மாதுளை மரத்தின் பெயர்கொண்ட நாவல், மையித்துக் குளிப்பாட்டும் ஒருவனைப் பற்றியது. அதில் இறந்தவர்களுக்கு உடம்பு இருக்கிறது. கச்சாச்சியின் நாவலில் குறைகிற பாதி அங்கே கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

இவ்வளவு குறை சொன்னபிறகும் இந்த நாவல் என்னைவிட்டுப் போகவில்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் வருகிறேன். ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் ஐம்பத்தைந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்த் தாய். சிங்களம் தெரியாது. சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான். முஸ்லிம் பெயர். சிங்களம் வருமா மல்லி என்றான். வரும் என்றேன். இவளிடம் கேள், எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள். அவன் அவளைக் குறித்த சொல், சிங்களத்தில் ஒரு மனுஷியைக் குறிக்கச் சொல்லக்கூடாத சொல். நான் அதைத் தமிழாக்கியபோது, "அம்மா, எங்க போறீங்க எண்டு கேக்கிறார்" என்றேன். மகனைப் பார்க்க, என்றாள். மகன் எங்கே? அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். கேட்டது அவனா நானா என்று சந்தேகப்படுகிற பார்வை அது. கடைசியில் ஏதோ ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். நான் அதோடு, கடையில் வேலை செய்கிறானாம் என்று என் பாட்டில் சேர்த்துச் சொன்னேன். விட்டுவிட்டார்கள். மிச்சப் பயணம் முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நிகழ்வை ஒரு நல்ல காரியமாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். மரியாதையில்லாத சொல்லை மரியாதையாக மாற்றினேன், ஒரு பொய் சொல்லிக் காப்பாற்றினேன் என்று. ஸைனாவை வாசித்தபிறகு அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தச் சிப்பாயின் கேள்வியை அழகாக்கிக் கொடுத்தது யாருக்கு உதவியது? அது மட்டுமல்ல. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது, அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர்கள் விரட்டப்பட்டது எல்லாம் மனதில் ஆறாமல் கிடந்த காலம் அது. அந்தச் சிப்பாய்மீது எனக்கு முழு வெறுப்பு இருக்கவில்லை. அந்தத் தாய்மீது முழு இரக்கமும் இருக்கவில்லை. அவன் என்னை மல்லி என்று அழைத்தபோது ஒரு கணம் நிம்மதியாயிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஒப்பீடு சரியானதல்ல என்பது தெரியும். இது எனக்கு அடைக்கலம் தந்த நாடல்ல, பிறந்த நாடு. நான் சம்பளத்துக்கு அதைச் செய்யவில்லை, எந்தப் பிரமாணமும் எடுக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. ஸைனாவுக்கு அதுவே முழுநாள் உத்தியோகம். ஆனாலும் ஒருவரின் மொழியை இன்னொருவரின் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது நாக்கில் என்ன நடக்கிறது என்பதை, தமிழ் பேசுகிற முஸ்லிம்களாகிய நம்மில் கொஞ்சப் பேராவது அறிவோம். யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களாகியும் சாவடியில் உரைபெயர்த்தவனின் கதையை நம்மில் யாரும் ஒரு நாவலாக விரித்ததாக எனக்குத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களாக நம்மை எழுதியிருக்கிறோம். எழுதவேண்டியதுதான், இன்னும் எழுதவேண்டும். அந்த மற்ற நிமிடங்களை எழுதக் கை வரவில்லை. கச்சாச்சி தன் சமூகத்தைப் பற்றி அதைச் செய்திருக்கிறார், அதுவும் யுத்தம் ஓயாதிருந்த காலத்திலேயே.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. உம்மம்மா இறந்துபோகிறாள். ஸைனா டெட்ரோய்ட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே தாவூதின் சங்கீதங்களில் ஒன்றை மாற்றி, உன்னை நான் மறந்தால் என் வலக்கை செயலிழக்கட்டும் என்ற பொருளில் பக்தாதை விளித்து வாக்குக் கொடுக்கிறாள். மூலத்தில் அந்த வாக்கு எருசலேமுக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் பாபிலோன் ஆறுகளின் கரையில், அதாவது இன்றைய ஈராக்கில், சிறைபட்டிருந்த யூதர்கள். பாபிலோனின் மகளொருத்தி அதே சொற்களை எடுத்து அமெரிக்காவிலிருந்து தன் நகருக்குச் சொல்கிறாள். பைபிள் தெரிந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும் இடம். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் வாசிப்பில் சந்தேகம் வந்தது. கதைக்குள் வந்த அந்தத் தேசபக்த எழுத்தாளர் கடைசிப் பக்கத்தில் ஸைனாவிடமிருந்து பேனாவைப் பறித்துவிட்டாரோ என்று. அமெரிக்காவுக்கு ஒரு பிரமாணம் செய்தவள் இப்போது பக்தாதுக்கும் ஒன்று செய்கிறாள். முதலாவதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கடவுச்சீட்டு அவளுடைய கைப்பையில்தான் இருக்கிறது.